தனிமம், தனிமப்பொருள்: இரண்டு கருத்து, இரண்டு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வேதியியலில் ‘element’ என்பதற்குத் தமிழில் ‘மூலகம்’ நல்லதா, ‘தனிமம்’ நல்லதா என்பதிலேயே இங்கே பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. என் கவலை வேறு. எதை வைத்துக்கொண்டாலும், ஒரே சொல்லில் இரண்டு கருத்தைத் திணிக்கிறோம்: ஒன்று அணு வகை, மற்றது அந்த அணுக்களால் ஆன பொருள்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் கேட்டாள்: “சித்தப்பா, சோடியத்தைத் தண்ணியில போட்டா தீப்பிடிக்கும். குளோரின் விஷவாயு. அப்போ ரெண்டும் சேர்ந்த உப்பு எப்படி வாயில கரையுது?” அவள் மனப்பாடம் செய்த வரையறை, ‘ஒரே வகை அணுக்களால் ஆன தூய பொருள் தனிமம்’. அதன்படி பார்த்தால் உப்பில் சோடியமே இருக்க முடியாது. மண்ணெண்ணெயில் போட்டு வைக்கும் அந்த மெத்தென்ற உலோகம் உப்பு டப்பாவில் எங்கே இருக்கிறது? கேள்வியில் பிழையில்லை, வரையறைதான் பாதியோடு நிற்கிறது.

1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் தந்த பட்டியலில் 33 தனிமங்கள் இருந்தன. ஒளியும் வெப்பமும், ஏன், சுண்ணாம்பும்கூட அதில் உண்டு. மேற்கொண்டு பிரிக்க முடியாத பொருள் என்பதே அன்றைய அளவுகோல். பிறகு தனிம அட்டவணையை அமைத்த மெண்டலீவ் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்: அணு எடை கரிக்கோ வைரத்துக்கோ உரியதன்று, கார்பனுக்கு உரியது. 1913இல் இயற்பியலாளர் மோஸ்லியின் ஆய்வுக்குப் பின் அணு எண்ணே, அதாவது அணுவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே, தனிமத்தின் அடையாளமாயிற்று. இன்று தனிம அட்டவணையில் உள்ள 118 கட்டங்களும் அணு வகைகள்தாம், சீசாவில் அடைத்த பொருள்கள் அல்ல. பன்னாட்டு வேதியியல் ஒன்றியமும் இந்த இரண்டு பொருளையும் தனித்தனியே தருகிறது.

எனவே என் முன்மொழிவு: ஒரே எண்ணிக்கையில் புரோட்டான் கொண்ட அணு வகை *தனிமம்*. அவ்வகை அணுக்களால் மட்டுமே ஆன பொருள் *தனிமப்பொருள்*.

இந்த இரண்டாம் கருத்துக்கு நேற்று இங்கே வந்த ‘எளிய பொருள்’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. தமிழில் எளிமை என்றால் சுலபம், அல்லது வறுமை. மாணவர் காதில் அதுதான் விழும். ‘தூய பொருள்’ வாய்ப்பே இல்லை, வாலைவடி நீரும் (காய்ச்சி வடித்த நீர்) தூய பொருள்தானே, ஆனால் அது சேர்மம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ‘புறவேற்றுமை வடிவம்’ (ஒரே தனிமம் எடுக்கும் வெவ்வேறு பொருள் வடிவம்) என்ற பயமுறுத்தும் சொல் தானாகத் தெளிவாகிவிடுவது. வைரமும் கிராஃபைட்டும் ஒரே தனிமத்தின் இரு தனிமப்பொருள்கள். ஆக்சிசனும் ஓசோனும் அப்படியே. தனிமத்துக்கும் தனிமப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு மருந்திலும் தெரியும்: இரும்புச்சத்து மாத்திரை பலவற்றில் இருப்பது ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்புச் சேர்மம். இத்தனை மில்லிகிராம் இரும்பு என்று அட்டையில் போட்டிருப்பது தனிமக் கணக்கு, உள்ளே இரும்புத்தூள் இல்லை.

இலங்கை நண்பர்கள் மூலகத்தை விட வேண்டியதில்லை. மூலகம், மூலகப்பொருள் என்று அதே அச்சில் வரும். ‘மூலகத்தின் மூலக்கூறு’ என்று எழுதும்போது பிள்ளைகள் தடுமாறுவார்களே என்ற தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. அங்கே வகுப்பெடுப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அண்ணன் மகளிடம் இப்படிச் சொன்னேன்: “உப்பில் சோடியம் என்ற தனிமம் இருக்கிறது, சோடியம் என்ற தனிமப்பொருள் இல்லை. எலெக்ட்ரான் ஒன்றை இழந்து சோடியம் அணு மின்னூட்டமுள்ள அயனியாகிவிட்டது.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ முருங்கைக்கீரை இரும்பும் இதே கதையா?” என்றாள்.

‘தனிமப்பொருள்’ என்று ஒற்று மிகுத்து ஒரே சொல்லாக எழுதலாமா, பிரித்து எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.