அரை மணி நேரத் தொடரில் கதை எத்தனை நிமிடம்?

செந்தூல்வாசி:
நேற்றிரவு கைப்பேசியில் நேரம் குறித்துக்கொண்டே அம்மாவுடன் எட்டரை மணித் தொடரைப் பார்த்தேன். கதை 19 நிமிடம், விளம்பரம் 7. மீதி 4 நிமிடம் முந்தைய நாள் கதைக்கும் நாளைய முன்னோட்டத்துக்கும் போய்விட்டது. மாமியார் கையை ஓங்குகிறாள், இடைவேளை. திரும்பி வந்தால் அதே கையை மறுபடி முதலிலிருந்து ஓங்குகிறாள்! மாதாமாதம் சந்தா கட்டிவிட்டு இதையா பார்ப்பது? விளம்பரம் மணிக்கு 10 நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் கூடாது.

விளம்பரக்காரன்:
தம்பி, நான் தமிழ்க் கடைகளுக்கு விளம்பரம் எடுத்துத் தருபவன். இங்கே கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் உள்ள புடவைக் கடைக்காரர் தீபாவளிக்கு முன் இரண்டு வாரம்தான் திரையில் வருவார். நேரத்தைக் குறைத்தால் விலை ஏறும். பெரிய சவர்க்கார நிறுவனம் அதையும் வாங்கிவிடும், இவர் வெளியே நிற்பார்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
கடைக்காரருக்காக இரக்கப்படலாம், கணக்கை மறைக்கக் கூடாது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுக் கேபிள் விதிகள் மணிக்கு 12 நிமிடம் என்கின்றன: 10 வணிக விளம்பரத்துக்கு, 2 அலைவரிசை தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள. அந்த இரண்டையும் எண்ணியதுதான் கெட்டிக்காரத்தனம்.

விளம்பரக்காரன்:
அது அங்கே உள்ள விதி, அக்கா. அதை இறுக்கிப் பிடித்தபோது ஒளிபரப்பாளர்கள் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியமே 2018-இல் தளர்த்திவிட்டதே! முன்பு ஒவ்வொரு மணிக்கும் விளம்பரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இப்போது அதே 20 விழுக்காடு காலை 6 முதல் மாலை 6 வரை மொத்தமாக ஒரு கணக்கு, மாலை 6 முதல் நள்ளிரவு வரை இன்னொரு கணக்கு.

செந்தூல்வாசி:
நீங்களே மாட்டிக்கொண்டீர்கள், அண்ணா. மாலை 6 முதல் நள்ளிரவு வரையிலான 6 மணி நேரத்தில் 20 விழுக்காடு என்றால் 72 நிமிடம். ஆறு மணிக்கு யார் பார்க்கிறார்கள்? எட்டிலிருந்து பத்துக்குள் அள்ளிக் கொட்டுவார்கள். என் அம்மா உட்காருவதும் அந்த நேரத்தில்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அமெரிக்காவில் பெரியவர்கள் நிகழ்ச்சிக்கு இப்படி ஒரு வரம்பே இல்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் போட்டது: வார நாளில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை. என்னைக் கேட்டால் இங்கேயும் கார்ட்டூன் நேரத்தில் தொடங்கலாம். என் பேரன் பல் தேய்க்கும்போது பாடுவது ஒரு பிஸ்கட் பாட்டு. (ஒரு சொல் பிசகாது!) தொடர் எனக்குப் பரவாயில்லை, இடைவேளையில்தான் அடுப்பைப் பார்க்க முடிகிறது.

செந்தூல்வாசி:
அக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?

விளம்பரக்காரன்:
அடுப்புப் பக்கம். சரி தம்பி, உங்கள் 7 நிமிடம் என் பொறுப்பு. அந்த 4 நிமிடத்துக்கு எந்தக் கடைக்காரரும் காசு கொடுக்கவில்லை, அதை அலைவரிசையிடம் கேளுங்கள்.

செந்தூல்வாசி:
இன்று மறுபடி அளந்தேன். விளம்பரம் ஆறரை. பழைய கதையும் முன்னோட்டமும் 5. அந்தக் கை இன்னும் கீழே இறங்கவில்லை.