‘ஆடிட்’ என்பதற்குத் தமிழ்: காம்ஸ்டாக் சுரங்க மதிப்பீட்டுக்கான கலைச்சொல் விவாதம்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நெவாடாவில் டேவிட்சன் மலைச்சரிவில் 1859-இல் தொடங்கிய காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்களின் பணிமுறையையும் பொறிகளையும் மதிப்பிடும் பாடநூல் இயல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘ஷாஃப்ட்’ என்பதற்குச் சுரங்கக்குழி என்றும், ஃபிலிப் டைடஸ்ஹைமர் 1860-இல் ஓஃபிர் சுரங்கத்தில் அடுக்கிய கனசதுர மரச்சட்டங்களுக்குச் சதுரச்சட்டத் தாங்கல் என்றும் முந்தைய இழையில் ஒருவாறு உடன்பட்டோம். இப்போது இடறுவது மலையின் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கிக் குடையும் வழி, அதாவது ‘ஆடிட்’. ஒலிபெயர்த்து எழுதினால் கணக்குத் தணிக்கைக்கும் அதே எழுத்துகள்தாம். மதிப்பீட்டு உரை ஒன்றில் “ஆடிட் 1878-இல் முடிந்தது” என்று கண்டால், மாணவர் வரவுசெலவுப் பேரேட்டைத்தான் நினைப்பார். வரைவில் ‘கிடைச்சுரங்கம்’ என்று இட்டிருக்கிறேன். தங்கள் கருத்துகளை வேண்டுகிறேன்.

சுரங்கப் பொறியாளர் (ஓய்வு):

‘கிடை’ என்னும் அடை இரண்டு இடங்களில் தவறும். சுரங்கத்தின் உள்ளே கனிமப் படுகையைத் தொடர்ந்தும் குறுக்கிட்டும் வெட்டுகிற வழிகளும் கிடையானவையே. ஆனால் அவற்றுக்கு மலைக்கு வெளியே திறக்கும் வாய் இல்லை. மேலும், நாம் பேசும் வழி முழுக்கக் கிடையாக இருப்பதும் இல்லை. உள்ளே ஊறும் நீர் தானாக ஓடி வெளியேற வேண்டும் என்பதற்காக, வாயை நோக்கி மிகச் சிறிய சாய்வுடன் அதை வெட்டுவார்கள். பழைய சுரங்கம் ஒன்றை மதிப்பிடப் போகிறவர் முதலில் சரிபார்ப்பதும் அந்தச் சாய்வைத்தான்.

காம்ஸ்டாக்கில் இது வெறும் நுணுக்கம் அன்று. ஆழம் கூடக் கூட அங்கே வெந்நீர் பெருகியது. நிலமட்டத்தில் நின்ற நீராவி எந்திரம், குழிக்குள் இறங்கிய நீண்ட மரத்தண்டை ஏற்றியும் இறக்கியும், கார்னிஷ் வகை இறைப்பிகளால் நீரைப் படிப்படியாக மேலே தள்ளியது. அந்த எந்திரத்தின் விறகுக்கும் சுரங்கத்தின் தாங்குமரத்துக்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் காடுகள் அழிந்தன. இந்தச் செலவைக் குறைப்பதாகச் சொல்லித்தான் தொழில்முனைவர் அடால்ஃப் சுட்ரோ 1869-இல் கார்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கத்திலிருந்து குடையத் தொடங்கி, 20,000 அடிக்கு மேல் சென்று, 1878 ஜூலையில் காம்ஸ்டாக்கின் சாவேஜ் சுரங்கத்தை எட்டினார். எட்டிய இடம் நிலமட்டத்துக்கு ஏறத்தாழ 1,650 அடி கீழே. அதற்குள் பல சுரங்கங்கள் 2,000 அடியைத் தாண்டியிருந்தன. ஆகவே அது காலங்கடந்த வீண்வேலை என்று எழுதுவோர் உண்டு. நான் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன். 2,200 அடி ஆழத்து நீரை நிலமட்டம் வரை ஏற்றுவதற்குப் பதிலாக, சுட்ரோவின் மட்டம் வரை 550 அடி ஏற்றினால் போதும் என்பது இறைப்பியின் வேலையில் முக்கால் பங்கு குறைவு. வந்த காலம் தவறு, பொறியியல் தவறன்று. எனவே சொல் ஒன்றை ஆக்குவதானால், அது நீர் வடியும் பயனைக் காட்டட்டும். ‘மலைத்தூம்பு’ என்பது என் பரிந்துரை.

தமிழாசிரியர்:

பொறியாளர் ஐயா கூறிய பயனை ஏற்கிறேன். தூம்பை ஏற்க இயலவில்லை. தூம்பு ஏரியின் உறுப்பு. அதைக் கேட்டதும் மதகும் கரையும்தான் மனத்தில் எழும். நமக்கு இதற்கென்றே பழஞ்சொல் ஒன்று இருக்க, புதிதாக ஒட்டுப்போடுவானேன்? ‘சுருங்கை’ என்பது அது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் யானைக் கூட்டம் பெயர்ந்து செல்லும் சுருங்கை வீதி வருகிறது. பரிபாடலின் வையைப் பாடல் ஒன்றில், மதுரை மதிலின் சுருங்கை வழியாகப் பாயும் புனல், களிறு கையை உயர்த்தி விடும் நீருக்கு உவமிக்கப்படுகிறது. ஆள் செல்லவும் நீர் செல்லவும் கரந்து அமைந்த வழி என்னும் இரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. ஆடிட் செய்வதும் இவ்விரண்டையுமே. ‘சுருங்கு’ என்னும் வினையடி வெளிப்படை. இடம் சுருங்கிய வழி சுருங்கை.

கல்லூரி விரிவுரையாளர் (நிலவியல்):

தமிழாசிரியர் அவர்களுக்கு வணக்கம். வேர்ச்சொல் அவ்வளவு வெளிப்படையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அர்த்தசாஸ்திரத்தில் வரும் ‘சுருங்கா’ என்னும் வடசொல், கிரேக்கத்தில் குழாயையும் நிலத்தடி வழியையும் குறிக்கும் ‘சிரிங்க்ஸ்’ என்பதிலிருந்து வந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் தூய தமிழ் என்று நாம் மீட்பது யவனர் தந்ததாக இருக்கலாம். யானைக் கூட்டமே பெயரும் வீதியை இடம் சுருங்கியது என்பதும் எனக்குப் பொருந்தவில்லை.

அதைவிட எனக்குக் கவலை வகுப்பறையைப் பற்றியது. ‘சுரங்கத்தின் சுருங்கை’ என்று அச்சிட்டால், மெய்ப்புத் திருத்துபவர் அதை எழுத்துப்பிழையென்று கொண்டு ‘சுரங்கத்தின் சுரங்கம்’ என்று மாற்றிவிடுவார். மாற்றாமல் விட்டாலும் மாணவர் அவ்வாறே படிப்பார். காசர்கோட்டுப் பகுதியில் செம்பாறைக் குன்றுகளுக்குள் பக்கவாட்டில் குடைந்து, ஊற்றுநீரைத் தானாக வெளியே ஓடச்செய்யும் வழிகளை மக்கள் சுரங்கம் என்றே அழைக்கிறார்கள். அமைப்பில் அது ஆடிட்டேதான். வழக்கு அவ்வளவு அருகில் இருக்கும்போது ஏட்டுக்குள் தேடுவானேன்? ‘வடிசுரங்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழாசிரியர்:

கிரேக்க மூலம் ஒரு கருத்து மட்டுமே, முடிந்த முடிபன்று. குழாயும் புழையும் எல்லா நாட்டிலும் உள்ளவை. ஒலி ஒத்தால் கடன் என்று தீர்ப்பெழுதுவது ஒப்பியல் ஆகாது. சுருங்குதல் என்பதற்கு ஒளிந்திருத்தல் என்னும் பொருட்சாயலும் உண்டென்று நான் வேறோர் இழையில் காட்டியிருக்கிறேன். அதை இங்கே விரிக்கவில்லை. ‘வடிசுரங்கம்’ வினைத்தொகையாயின், வடிந்த சுரங்கம், வடிகின்ற சுரங்கம், வடியும் சுரங்கம் என விரியும். வடிவது நீரா, சுரங்கமா?

கல்லூரி விரிவுரையாளர் (நிலவியல்):

குடிநீர் எதையும் குடிப்பதில்லை. சுடுகாடு தானே எதையும் சுடுவதும் இல்லை. வினைத்தொகைக்கு இந்த நெகிழ்ச்சி இயல்பென்று தாங்கள் அறியாததன்று.

சுரங்கப் பொறியாளர் (ஓய்வு):

தூம்பைத் திரும்பப் பெறுகிறேன். வடிசுரங்கத்துக்கு இன்னொரு காரணமும் சேர்க்கிறேன். ஜெர்மானியச் சுரங்க மரபில் ‘எர்ப்ஷ்டோலன்’ என்று ஒன்று உண்டு. பிறர் சுரங்கங்களின் நீரை வடிக்கும்படி ஆழத்தில் வழி வெட்டியவருக்கு, அச்சுரங்கங்களின் விளைச்சலில் பங்கு பெறும் உரிமையைச் சட்டம் தந்தது. ஜெர்மனியின் ஆகன் நகரில் பிறந்த சுட்ரோ, தோண்டியெடுக்கும் தாதில் டன்னுக்கு 2 டாலர் கேட்டதன் பின்னால் இருந்த கருத்தும் இதுவே. காம்ஸ்டாக் முதலாளிகளும் கலிபோர்னியா வங்கியும் அவரை எதிர்த்ததற்கு அந்த 2 டாலர் முக்கியக் காரணம். ஆகவே மதிப்பீட்டில் இவ்வழி வெறும் நுழைவாயில் அன்று. வடிகால் பணிக்கு விலை கேட்கும் கட்டமைப்பு. கிடைச்சுரங்கம் என்னும் சொல்லில் இவ்வளவும் மறைந்துபோகும்.

ஆனால் ஒரு தடையும் உண்டு. நீரே ஊறாத வறண்ட மலையில், தாது ஏற்றிய வண்டிகள் வெளிவருவதற்கென்றே வெட்டிய ஆடிட்டை வடிசுரங்கம் என்பது பொய்யாகிவிடும். வாய் இருக்கும் இடத்தைக் கொண்டு ‘சரிவுவாய்’ எனலாமா?

தமிழாசிரியர்:

‘சரிவு’ வேண்டா. மண்சரிவும் நிலச்சரிவும் நாளிதழில் அன்றாடம் வருகின்றன. சுரங்கத்தின் பக்கத்தில் சரிவு என்று எழுதினால், வாசகர் உள்ளே சிக்கியவர்களைத்தான் எண்ணுவார்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்ப வேண்டும். சுட்ரோவின் வழிக்கும், 1860களில் மேல்மட்ட நீரை வடிக்க வெட்டிய சிறு வழிகளுக்கும் ‘வடிசுரங்கம்’ என்றே எழுதுகிறேன். பொதுப்பொருளில் வரும் இடங்களில் ‘பக்கவாய்ச் சுரங்கம்’ என்று இட்டு, முதல் இடத்தில் மட்டும் “மலையின் பக்கத்தில் வாய் திறந்து உள்ளே செல்லும் வழி” என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். ஒரு பொருளுக்கு இரு சொல் என்பது குறைதான். ஆனால் மதிப்பீட்டு அட்டவணையில் ‘நீர் நீக்கம்’, ‘தாதுப் போக்குவரத்து’ என்று இரு பத்திகள் தனித்தனியே இருப்பதால் குழப்பம் நேராது என்று கருதுகிறேன். விரிவுரையாளரும் பொறியாளர் ஐயாவும் தனிமடலில் உடன்பட்டுள்ளனர்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்து மாறவில்லை. ‘பக்கவாய்ச் சுரங்கம்’ ஒரு விளக்கம், பெயரன்று. இவ்வியலின் பிற்பகுதியில் ‘பக்கவாய்ச் சுரங்கத் தாங்குமரச் செலவு’ என்று ஒரு தலைப்பு அமையும்போது, அதன் நீளத்தைத் தாங்களே காண்பீர்கள். சொல்லடைவிலாவது சுருங்கை என்பதை மாற்றுச் சொல்லாகக் கொடுத்தால் மகிழ்வேன்.

மொழிபெயர்ப்பாளர்:

சொல்லடைவில் சேர்த்துவிட்டேன், ஐயா. அடுத்து ‘ஸ்டோப்’: படுகையிலிருந்து தாதை வெட்டியெடுத்தபின் எஞ்சும் வெற்றிடம். சதுரச்சட்டங்கள் நிற்பது அதற்குள்தான் என்பதால் தவிர்க்க வழியில்லை. ‘வெட்டறை’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்புள்ளவர்கள் இன்று இரவுக்குள் தெரிவிக்கவும்.