புதுப்பிப்பு: புளோரிடாவில் படகுக்கு இரண்டு பதிவும் வேண்டுமா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 32 அடி பாய்மரப் படகை அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் பதிந்துவிட்டால், மாநிலப் பதிவைத் தவிர்க்கலாமா என்று. விடை: முடியாது. படகு புளோரிடாவில் ஓடுகிறது என்றால் மாநிலப் பதிவும் ஸ்டிக்கரும் கட்டாயம். ஆனால் முன்பக்கம் மாநிலம் தரும் 'எஃப்எல்' பதிவு எண்ணை எழுத வேண்டாம்.

காவல்படையிடம் செய்யும் கூட்டரசுப் பதிவுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. படகு 5 நிகர டன்னாவது இருக்க வேண்டும். இந்த டன் எடையல்ல, கொள்ளளவு. நான் எடை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்!

போன சனிக்கிழமை படகின் பின்புறத்தில் அதன் பெயரையும் பதிவில் உள்ள ஊரையும் 4 அங்குல எழுத்தில் ஒட்டினேன். உள்ளே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் காவல்படை தந்த அதிகாரபூர்வ எண், குறைந்தது 3 அங்குலம். அதை எளிதில் பெயர்க்க முடியாதபடி பதிக்க வேண்டும் என்பதால், பலகையில் எழுதி எபாக்சி பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். கையெல்லாம் பிசின்.

அப்புறம் ஒன்று. கூட்டரசுப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி அரசு முத்திரை மாதிரியே போட்டு ஒரு கடிதம் வந்தது. பணம் கட்டப் போய்விட்டேன். பார்த்தால் தனியார் நிறுவனம். உண்மையான கட்டணம் ஆண்டுக்கு 26 டாலர்தான்.