மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை எப்போது வாசிக்கத் தொடங்குகிறது?

தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊர், முதல் இரண்டு வகுப்புகளின் ஆசிரியை:

எங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கர்த்தர் கற்பித்த செபமும் மங்கள வார்த்தை செபமும் தடுமாறாமல் வரும். வீட்டில் சாயந்திரம் செபமாலை சொல்லும்போது பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்டே பழகியது. "எம் பிள்ளை புஸ்தகமே வாசிப்பான் டீச்சர்" என்று தாய்மார் பெருமையோடு கொண்டுவந்து விடுவார்கள். செபப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பையன் வரிமேல் விரலை ஓட்டி, ராகத்தோடு ஒரு பக்கத்தைச் சொல்லி முடிப்பான். விரல் மூன்றாம் வரியில் இருக்கும், வாய் ஐந்தாம் வரிக்குப் போயிருக்கும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்தக் கடற்கரையில் இது மிகப் பழைய வழக்கம். 1542இல் மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தபோது செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மணியை ஆட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்து, பிள்ளைகளைக் கூட்டிவைத்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துத்தான் கற்றுக்கொடுத்தார். கற்றதை வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் பிள்ளைகளிடமே விட்டார். அச்சுப் புத்தகம் பிறகுதான் வந்தது. புன்னைக்காயலில் இருந்த போர்த்துகீசியக் குரு அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது, மொத்தம் 16 பக்கம். அதைக் கையில் வாங்கிய பலருக்கும் உள்ளே இருந்த செபங்கள் ஏற்கெனவே வாயில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நிலையும் இன்றைக்கு அதுதான்.

பல ஆசிரியர்கள் "இதெல்லாம் வெறும் ஒப்பிப்பு, வாசிப்பு இல்லை" என்று ஒதுக்கிவிட்டு அ, ஆ-விலிருந்து புதிதாகத் தொடங்குகிறார்கள். அங்கேதான் நல்ல வாய்ப்பு ஒன்றை விடுகிறோம் என்பது என் உறுதியான எண்ணம். சொல்லத் தெரிந்த வரியின் எழுத்து வடிவத்தைப் பிள்ளை முன்னால் வையுங்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். வெறுமனே ஒப்பிக்கிற பிள்ளை விழிக்கும். இன்னொரு பிள்ளை வரியின் தொடக்கத்துக்குப் போய், ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, நீங்கள் தொட்ட இடத்தில் நிற்கும். அந்தப் பிள்ளையை "முதலிலிருந்து ஏன் சொல்கிறாய், நேராகச் சொல்" என்று அதட்டாதீர்கள். அச்சில் இருக்கும் ஒரு துண்டுக்கு வாயில் வரும் ஒரு சொல் என்று அது கண்டுபிடித்துவிட்டது. இதன் பிறகு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தால் உட்கார இடம் இருக்கிறது.

வகுப்பில் இதற்கு நான் செபங்களை எடுப்பதில்லை. எங்கள் பள்ளியில் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் சேர்க்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் சொல்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், சிலருக்கு மட்டும் மனப்பாடமான வரியை வைத்து எல்லாருக்கும் வாசிப்பு சொல்லிக்கொடுப்பது நியாயமும் இல்லை. அதனால் பிள்ளைகளையே பேசவிட்டு, அவர்கள் சொன்னதை அட்டையில் எழுதிக்கொள்கிறேன். ஒரு வாரம் இப்படி வந்தது:

அப்பா கடலுக்குப் போனார்.
வலை நிறைய சாளை.
அம்மா சாளை விற்றாள்.
நான் சாளைக் குழம்பு சாப்பிட்டேன்.

அவர்களே சொன்னது என்பதால் எல்லாருக்கும் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிட்டது. அப்புறம் வரிகளைச் சொற்களாக வெட்டிக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொன்னேன். 'சாளை' மூன்று இடத்தில் வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். சாளை தெரிந்த பிறகு வாளை என்று எழுதிக் காட்டினேன். முதலெழுத்து மட்டும்தான் புதிது, பாதி வகுப்பு சரியாகச் சொல்லிவிட்டது. 'ளை' எங்கள் பிள்ளைகளுக்கு 'லை'க்கு முன்பே வந்துவிடும், எல்லாம் மீனின் புண்ணியம்.

இரண்டாம் வகுப்புக்கு வந்ததும் கடற்கரைக்குக் கூட்டிப் போவேன், படகுப் பெயர்களை வாசிக்க. பனிமய மாதா, சந்தியாகப்பர், அந்தோணியார் என்று ஒவ்வொரு படகிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எது யார் வீட்டுப் படகு என்று நிறத்தை வைத்தே பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் தூரத்திலேயே பெயரைக் கத்திவிடுவார்கள். ஒருமுறை ஒரு பையன் மட்டும் கத்தவில்லை. கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல 'ந்' போயிருச்சு. அதோணியார்னு இருக்கு" என்றான். உப்புக்காற்றில் சாயம் உரிந்து அந்த ஒரு எழுத்து மட்டும் அழிந்திருந்தது. அது அவனுடைய சித்தப்பா படகு. பெயரை அவன் நூறு தடவை சொல்லியிருப்பான். தெரிந்த பெயரில் இல்லாத எழுத்தைக் காண்கிற பிள்ளை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை, எழுத்தைப் பார்க்கிறது. அவன் அதுவரை வகுப்பில் மெதுவானவன் என்று பெயர் வாங்கியிருந்தான். மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகும் அவன் வரியிலேயே நின்றுகொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம்.

அதிலிருந்து, பிள்ளை நிஜமாக வாசிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதையே செய்கிறேன். நன்றாகத் தெரிந்த வரியைக் கரும்பலகையில் எழுதி ஓர் எழுத்தை விட்டுவிடுவேன், அல்லது ஒரு சொல்லை மாற்றிவிடுவேன். 'அம்மா வாளை விற்றாள்' என்று எழுதினால் பாதிப் பேர் 'சாளை' என்றே சொல்வார்கள். எதிர்ப்புக் குரல் எழுப்புகிற பிள்ளைகளைக் குறித்துக்கொள்வேன். தனியாகப் பரீட்சை எதுவும் தேவைப்படாது, பிள்ளைகளுக்கும் பயம் இல்லை.

எழுதுவதில் எங்கள் பள்ளிக்கே உரிய சிக்கல் பெயர்தான். எந்தப் பிள்ளையும் முதலில் எழுத ஆசைப்படுவது தன் பெயரை. வருகைப் பதிவேட்டில் ஸ்டெல்லா, ஜெனிஃபர், பிரான்சிஸ், ஜோஸ்வா என்றே பெயர்கள் இருக்கும். நாம் எண்ணுகிற 247 எழுத்தில் ஸ், ஜ, ஷ கிடையாது. அரிச்சுவடி வரிசைப்படி போனால் அவை கடைசியில்தான் வரும். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டு ஒரு குழந்தை கேட்டாள்: "என் பேருக்கு எழுத்து இல்லையா டீச்சர்?" அன்றைக்கே அட்டையின் அடியில் தனிப் பட்டை ஒட்டி அந்த எழுத்துகளைச் சேர்த்தேன். வரிசை கெடும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். கெட்டால் கெடட்டும், தன் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளை மற்ற எழுத்துகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது கொம்பு. முன்னால் எழுதுகிறோம், பின்னால் ஒலிக்கிறோம். "முன்னாடி இருக்கிறத ஏன் பின்னாடி சொல்லணும்?" என்று கேட்காத வகுப்பே இல்லை. இதற்கு மூன்று பிள்ளைகளை நிறுத்துகிறேன். நடுவில் நிற்பவர் கையில் 'க' அட்டை, இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் துணைக்கால். கொம்பு வந்து கையைப் பிடித்தால் வகுப்பு 'கெ' என்று கத்தும். காலும் வந்து பிடித்தால் 'கொ'. ஒற்றைக்கொம்புக்காரர் போய் இரட்டைக்கொம்புக்காரர் வந்தால் 'கோ'. ஐந்தாம் வகுப்புக்கு இதோடு வீரமாமுனிவர் கதையையும் சொல்வேன். பழைய ஓலைகளில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. குறிலைக் காட்டப் புள்ளி வைக்க வேண்டும், ஓலை கிழிந்துவிடும் என்று அதையும் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்து எங்கள் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய அந்தச் சாமியார்தான் நெடிலுக்குக் கொம்பின் மேல் சுழி போட்டார். "அப்போ கொடியும் கோடியும் ஒண்ணு மாதிரியா இருந்துச்சு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆமாம் என்றேன். அதன்பின் அந்த வகுப்பில் யாரும் சுழியை விடுவதில்லை.

மற்றவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மன்னார், தரம் 1 ஆசிரியை:

உங்கள் பெயர்ப் பிரச்சினை எங்களிடமும் இருக்கு, வேறு மாதிரி. எங்கட பள்ளிக்கூடத்தின் பெயரிலேயே இன்னும் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்று இருக்கு. 1960, 61இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகும் பெயர் மாறவில்லை. இங்கே ஸ்டெல்லா என்ற பெயரைப் பல வீட்டில் 'ஸ்ரெல்லா' என்றுதான் எழுதுவினம். 'ரீச்சர்' என்று எழுதி டீச்சர் என்று வாசிக்கிற ஊர் நாங்கள். அப்ப, ரதம் என்ற சொல்லில் ஒரு ஓசை, தன் பெயரில் இன்னொரு ஓசை என்று பிள்ளை குழம்பும். நான் அவையிட பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதப் பழக்கிவிட்டு, 'இது உன்ர பெயருக்குரிய ஓசை' என்று சொல்லிவிடுவன். பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளுதுகள், பெரியவர்கள்தான் வாதாடுகினம்.

இன்னொன்று. ஒரு பிள்ளையின் அம்மம்மா மத்தியானம் கூட்டிப்போக வந்தால் சன்னலடியில் நிற்பா. எழுத வாசிக்கத் தெரியாது, செபமெல்லாம் பாடம். ஒருநாள் செபப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இதில 'மரியாயே' என்று எங்க இருக்கு, காட்டுங்கோ" என்று கேட்டா. காட்டினேன். அடுத்த வரியில் அதே சொல் வந்தபோது அவவே விரலை வைத்தா. பேத்தியும் அம்மம்மாவும் இப்ப ஒரே கொப்பியில் எழுதுகினம்.

திண்டுக்கல் பக்கம், மூன்றாம் வகுப்பு எடுக்கும் அருட்சகோதரி:

டீச்சர், நீங்கள் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மனப்பாடத்தில் தேறிவிடும் பிள்ளைகள்தான் மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஞாபகசக்தி அதிகம் என்பதால் முதல் இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடுகிறார்கள். புதிதாக ஒரு பத்தி கொடுத்ததும் முகம் மாறிவிடும். சொல்வதை எழுதச் சொன்னால் ண, ன, ந மூன்றுக்கும் ஒரே எழுத்து, மெய்யெழுத்தில் புள்ளியே இருக்காது. ஒரு சிறுவன் புதுநன்மைத் தேர்வில் (முதன்முதலாக நற்கருணை வாங்கும் முன் வைக்கும் தேர்வு) எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான், தன் தெருப் பெயரை எழுத வரவில்லை. என்னைப் பொறுத்தவரை எழுத்தும் ஒலியும் ஒன்றாம் வகுப்பிலேயே உறுதியாக வேண்டும், பாட்டும் கதையும் அதற்குமேல்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளித் திருப்பலியில் மன்றாட்டு வாசிக்க எப்போதும் நன்றாக வாசிக்கும் அதே நான்கு பிள்ளைகளைத்தான் அனுப்புவோம். இந்தச் சிறுவனுக்கும் ஒரு வரி கொடுத்தேன். வீட்டில் மனப்பாடம் செய்து வந்துவிடக் கூடாது என்று திருப்பலிக்கு முன்னால்தான் சீட்டைக் கையில் கொடுத்தேன். நோயாளிகளுக்காக ஒரே வரி, ஆறேழு சொல். எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தான். நேரமாகியது, ஃபாதர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னபோது அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அதன்பின் தானாகவே சீட்டு கேட்டு வருகிறான்.

முதலில் எழுதிய ஆசிரியை:

சிஸ்டர் சொல்வது சரி. எழுத்தும் ஒலியும் தினமும் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் வந்த பிறகு பிள்ளைகள் சீக்கிரம் வருகிறார்கள். சாப்பிட்டு முடித்து மணியடிக்கும் வரை உள்ள நேரத்தை எழுத்துக்கென்றே வைத்திருக்கிறேன். மணலில் விரலால் எழுதுவது, அட்டையை ஒட்டிச் சொல் அமைப்பது, அவ்வளவுதான். ட, ப, ம மாதிரி எளிய வடிவங்களில் தொடங்கினால் படம், பட்டம், மடம் என்று முதல் வாரத்திலேயே சொல் கிடைத்துவிடும். மனப்பாட வரியில் அந்த எழுத்தைத் தேடி வட்டமிடுவது அதன் அடுத்த படி. இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தினால்தான் நீங்கள் சொல்கிற பிள்ளை உருவாகிறது. எழுத்துப் பாடத்தில் எழுத்து சொல்லும், வாசிப்புப் பாடத்தில் ஞாபகத்தில் ஓட்டும், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

வீட்டைப் பற்றியும் ஒன்று. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். பூசை முடிந்ததும் பெற்றோர் கூட்டம் வைத்து, வாரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன்: பிள்ளை சொல்வதை நான்கு வரி எழுதுங்கள், எழுதத் தெரியாவிட்டால் அக்கா அண்ணன் எழுதட்டும், திங்கள்கிழமை கொண்டுவாருங்கள். கச்சான் காற்று (மேல்காற்று) அடித்து மீன் கிடைக்காத நாட்களில் வருகிற வரிகளில் சாளையே இருக்காது, கடன், அடகு என்று வரும். அதையும் அப்படியே அட்டையில் எழுதலாமா என்று யோசித்தேன். பிள்ளையிடம் கேட்டுவிட்டு, சரி என்றால் எழுதுகிறேன், வேண்டாம் என்றால் வேறு வரி கேட்கிறேன்.

சிஸ்டர், மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பிள்ளைகளுக்குப் புதிய பத்தி கொடுக்கும்போது எப்படிப்பட்ட பத்தி கொடுக்கிறீர்கள்? பாடப்புத்தகத்திலிருந்தா, நீங்களே எழுதுவதா? என் பிள்ளைகள் உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் அடுத்து போகிறார்கள், தெரிந்துகொண்டால் இங்கிருந்தே தயார் செய்வேன்.