கோர்ட்ரிக் 1302: ஜெயித்தது நெசவாளியா, ஓடையா?

தறிக்காரன்:
நேற்று கோட்டைவாசல் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1302 ஜூலை 11, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் பிளாண்டர்ஸ் நாட்டின் கோர்ட்ரிக். பிரூஜ் நகர நெசவாளிகளும் கசாப்புக்காரர்களும் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்பின் குதிரைப்படையை நொறுக்கிய நாள். அதை "குதிரைகள் ஓடையில் விழுந்தன, அவ்வளவுதான்" என்று எழுதலாமா? குதிரைகள் ஓடையைத் தாண்டின ஐயா. தாண்டி வந்துதான் செத்தன.

கோட்டைவாசல்:
பிரெஞ்சுக் குறிப்புகள் ஓடையைத்தான் சொல்கின்றன. வெறும் சமவெளியில் உங்கள் நெசவாளிகள் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள்?

தறிக்காரன்:
தோற்றவன் எழுதினால் ஓடையைத்தான் எழுதுவான். பிரெஞ்சுத் தளபதி ராபர்ட் ஆர்த்வாவே குதிரையோடு ஓடையைத் தாண்டி வந்துதான் வெட்டுப்பட்டார். கோடென்டாக் என்று ஓர் ஆயுதம். கனத்த தடி, நுனியில் இரும்புப் பூண், பூணிலிருந்து நீளும் கூர்முள். அடியைத் தரையில் ஊன்றி, முள்ளைக் குதிரையின் மார்புக்கு நேரே சாய்த்து, தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். ஒருவன் பயந்து விலகினால் பக்கத்தில் இருப்பவன் செத்தான். ஒரே கைவினைஞர் சங்கத்தில் தினமும் முகம் பார்த்தவர்கள் நின்றார்கள். நான் தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவன், அந்த நெருக்கம் எனக்குத் தெரியும்.

மழைக்காகம்:
சங்கம் சங்கம் என்கிறீர்களே, படையை நடத்தியது நமூரைச் சேர்ந்த கீ (Guy), யூலிக்கைச் சேர்ந்த வில்லியம். இருவரும் பிரபு வீட்டுப் பிள்ளைகள். உங்கள் நெசவாளித் தலைவர் பீட்டர் தெ கோனிங்க்கூடப் போருக்கு முன்பே 'நைட்' என்ற வீரப்பட்டம் வாங்கிக்கொண்டார். இதில் கைவினைஞர் கலகம் எங்கே?

தறிக்காரன்:
பட்டம் வாங்கினால் நெசவாளி நெசவாளி இல்லாமல் போய்விடுவானா? அதே ஆண்டு மே 18 விடியற்காலையில் பிரூஜில் பிரெஞ்சுக்காரர்கள் மேல் பாய்ந்தது நகர மக்கள். அப்போது பிளாண்டர்ஸ் பிரபு பிரெஞ்சுச் சிறையில் இருந்தார்.

மழைக்காகம்:
தூங்குகிறவனை வெட்டியதற்குப் பெருமையா?



கோட்டைவாசல்:
இரண்டு பேரும் ஓடையை மறந்துவிட்டீர்கள். 1382இல் ரோசபெக்கில் பிரெஞ்சுப் படையோடு மோதியபோது ஓடை காப்பாற்றவில்லை, பிளாண்டர்ஸ் படை அழிந்தது. 1302இல் செத்த பிரெஞ்சு வீரர்களிடமிருந்து எடுத்து கோர்ட்ரிக் தேவாலயத்தில் தொங்கவிட்டிருந்த தங்கக் குதிமுட்களையும் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப் போனார்கள்.

தறிக்காரன்:
ரோசபெக்கில் மேட்டை விட்டு இறங்கித் தாங்களே பாய்ந்தார்கள், தோற்றார்கள். கோர்ட்ரிக்கில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, ஜெயித்தார்கள். நான் முதலிலிருந்து சொல்வது அதைத்தான். அப்புறம், முன்னால் நின்ற பிரெஞ்சு வில்லாளிகளைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் குதிரைகளை ஏவச் சொன்னது ஓடையா?

கோட்டைவாசல்:
ஓடையில் விழுந்து செத்த வீரர்களையும் கணக்கில் சேருங்கள்.

தறிக்காரன்:
சேர்க்கிறேன். தோற்றுத் திரும்பி ஓடும்போது விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களும் சேருங்கள். ராபர்ட்டின் குதிரை தாண்டியது.

கோட்டைவாசல்:
ஒரு குதிரை.