புதுப்பிப்பு: கறுத்த வாழைப்பழ கேக் நடுவில் களியாவது ஏன்?

மிகவும் பழுத்த வாழைப்பழத்தில் கேக் செய்யும் முறையை முன்பு இந்த இழையில் போட்டிருந்தேன். நடுப்பகுதி வேகாமல் களியாகவே நிற்கிறது என்று சிலர் கேட்டதால் கூடுதல் விவரம்.

பெரும்பாலும் காரணம் பழம் அதிகமாவதுதான். எண்ணிப் போடாமல் மசித்ததை எடை போடுங்கள்: 200 கிராம் மைதாவுக்கு 300 கிராம் போதும். தோல் கறுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகியிருக்கும், அதனால் 100 கிராம் சர்க்கரையே தாராளம்.

ஃப்ரீசரில் வைத்த பழம் என்றால், உருகும்போது வடியும் நீரை அப்படியே ஊற்றாதீர்கள். கொட்டவும் வேண்டாம், வாசனையில் பாதி அதில்தான். பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் சேருங்கள். மைதா சேர்த்தபின் அடித்துக் கலக்கினால் ரப்பர்தான்.

175 டிகிரி செல்சியஸில் 55–60 நிமிடம். நடுவில் குத்தி எடுத்த குச்சியில் ஈரமாவு ஒட்டினால், மேலே ஃபாயில் மூடி இன்னும் 10 நிமிடம். பூஞ்சை பிடித்த பழத்தை வெட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், அது குப்பைக்குத்தான்.