ஜெபித்து ஒப்படைத்த கவலை இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

சிறுகுருவி எழுதியது:

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பல மாதங்களாக இங்கே வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். ஏழு வாரத்துக்கு முன்னால் காய்ச்சலில் வலிப்பு வந்தது. என் மடியில்தான் படுத்திருந்தான். திடீரென்று கண் மேலே சொருகிவிட்டது, கை கால் வெட்டி இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. ஒரு நிமிடம்தான் இருந்திருக்கும் என்று கணவர் சொல்கிறார். எனக்கு அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை. மருத்துவர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, இந்த வயதில் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அன்றிலிருந்து எனக்கு ராத்திரி என்றாலே பயம். 11 மணிக்குப் படுக்கிறேன். 1 மணிக்கு எழுந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். சூடாக இருக்கிற மாதிரி இருக்கும். தெர்மாமீட்டர் வைத்தால் 98.2. சரி என்று படுப்பேன். அரைமணி நேரத்தில் மறுபடியும் எழுந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரலை வைப்பேன். தெர்மாமீட்டர் 'பீப்' அடிக்கிற சத்தத்தில் அவன் சிணுங்குவான். நன்றாகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுவதே நான்தான்.

ஜெபிக்காமல் இல்லை. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7). இதைச் சொல்லி, "ஆண்டவரே, எல்லாவற்றையும் உம்மேல் வைத்துவிட்டேன்" என்று முழங்காலிலிருந்து எழுந்திருப்பேன். தலையணையில் தலை சாய்த்து இரண்டு நிமிடம் ஆகாது, கை தானாக அவன் நெற்றிக்குப் போய்விடும். வைத்ததை நானே திரும்ப எடுத்துக்கொண்டேனே என்று அழுகை வந்துவிடும்.

உறவில் பெரியவர் ஒருவர், "கவலைப்படுவது பாவம். உனக்கு விசுவாசம் பத்தாது, அதனால்தான் சமாதானம் இல்லை" என்றார். இப்போது கவலை இரண்டாகிவிட்டது. பிள்ளையைப் பற்றி ஒன்று, என் விசுவாசத்தைப் பற்றி ஒன்று.

வசனங்கள் எனக்குத் தெரியும். அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. "வைத்துவிடுங்கள்" என்றால், ராத்திரி 1 மணிக்கு, உண்மையிலேயே நான் என்ன செய்ய வேண்டும்?


நங்கூரம் எழுதியது:

சகோதரி, மனம் வருந்தச் சொல்லவில்லை. ஆனால் பிலிப்பியர் 4:6 "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்றுதான் சொல்கிறது. "ஒன்றுக்குங்" என்றால் ஒன்றுக்கும்தான். அது ஆலோசனை இல்லை, கட்டளை. கட்டளையை மீறினால் அதற்குப் பெயர் என்ன என்று நமக்குத் தெரியும். கர்த்தரை நம்புங்கள், தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுங்கள்.


பழைய நர்ஸ் எழுதியது:

மகளே, நான் 31 வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் 11 வருஷம் குழந்தைகள் வார்டு. அதனால் முதலில் நர்ஸாகப் பேசிவிடுகிறேன், அப்புறம் மற்றது.

தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். வீட்டில் அது இருக்கட்டும். காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் வரும். ஒரு தடவை வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி வரலாம். பார்க்கிறவர்களுக்கு உயிர் போகும், ஆனால் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு பிள்ளையின் மூளையையோ படிப்பையோ கெடுப்பதில்லை. மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகு பிள்ளை தெளியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. சீக்கிரமே நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். கணவருக்கும் வாய்ப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். காய்ச்சல் இல்லாத ராத்திரியில் தெர்மாமீட்டர் தேவையே இல்லை.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. எனக்கு 23 வயது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமயம். மாலை டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் தூக்கம் வராது. நாலாம் படுக்கைக் குழந்தைக்கு டிரிப்ஸ் ஓடுகிறதா, ஊசி இடம் வீங்கிவிட்டதா என்று மனசு அங்கேயே கிடக்கும். ஒருநாள் ராத்திரி வார்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். அடுத்த நாளும் கேட்டேன். மூன்றாம் நாள் வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ டியூட்டியைச் சரியாக ஒப்படைக்கவில்லை, அதனால்தான் உனக்குத் தூக்கம் வரவில்லை" என்றார்.

உண்மைதான். நான் அவசரமாக, "எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவள். அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இரவு நர்ஸையும் கூட்டிக்கொண்டு, படுக்கை படுக்கையாக நடந்தார். முதலாம் படுக்கை: கடைசி மருந்து 6 மணிக்கு, அடுத்தது 10க்கு. இரண்டாம் படுக்கை: சாயங்காலத்திலிருந்து சிறுநீர் போகவில்லை, கவனிக்கணும். நாலாம் படுக்கை: இடது கை ஊசி இடம் சிவந்திருக்கிறது, இதோ பாருங்கள். இரவு நர்ஸ் குனிந்து தொட்டுப் பார்த்து, தன் கையால் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். கடைசிப் படுக்கையை முடித்துக் கதவுக்கு வந்தபோது என் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். வார்டு மாறவில்லை. பிள்ளைகளின் வியாதி மாறவில்லை. பொறுப்பு கைமாறியிருந்தது.

பல வருஷம் கழித்து என் கணவர் கப்பல் வேலையில் இருந்தார். 19 நாள் செய்தி இல்லை. நானும் உங்களைப் போலத்தான் "ஆண்டவரே எல்லாவற்றையும் உம்மேல் வைத்துவிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, விடிய விடிய ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி அந்த சிஸ்டரின் நடை ஞாபகம் வந்தது. மொத்தமாக "எல்லாவற்றையும்" என்று சொல்கிற வரைக்கும் நான் எதையுமே கொடுக்கவில்லை. அவசரத்தில் கிளம்புகிற அந்தப் பழைய ஒப்படைப்புதான் அது.

அன்றைக்கு வேதத்தில் வருகிற யூதாவின் ராஜா எசேக்கியா எனக்குப் புரிந்தான். எதிரி அனுப்பிய கடிதத்தை வாங்கி வாசித்து, ஆலயத்துக்குக் கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான் (2 இராஜாக்கள் 19:14). "ஆண்டவரே, என் பிரச்சினையைப் பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கடிதத்தையே விரித்தான், இதோ பாரும் என்று. பிலிப்பியர் 4:6இலும் "எல்லாவற்றையுங்குறித்து", "தெரியப்படுத்துங்கள்" என்றுதான் இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை. இரவு நர்ஸ்கூட கேஸ் ஷீட்டைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ளலாம். சொல்லி முடித்தால்தான் சொன்னவளுக்குக் கை காலியாகும்.

அதனால் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும்முன் படுக்கை படுக்கையாக எழுதுங்கள். "பிள்ளைக்கு இன்று காய்ச்சல் இல்லை. மூக்கு லேசாக ஒழுகுகிறது. ராத்திரி சூடு ஏறி எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று பயம்." அந்தப் பயத்தை அப்படியே, வெட்கப்படாமல் எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் சத்தமாக அவரிடம் வாசியுங்கள். வாசித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அவர் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். முடித்ததும் நோட்டை மூடுங்கள். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" (சங்கீதம் 121:4). ராத்திரி டியூட்டியில் ஆள் இருக்கிறது, மகளே.

நீங்கள் எழுதிய வசனத்திலேயே "விசாரிக்கிறவர்" என்று இருக்கிறது, கவனித்தீர்களா? "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்று சங்கீதம் 94:19. நம் வேதாகமத் தமிழில் கவலைக்கும் விசாரம் என்று பெயர், பார்த்துக்கொள்வதற்கும் விசாரிப்பு என்று பெயர். நம்மிடம் விசாரமாக இருப்பது அவர் கைக்குப் போனால் விசாரிப்பாகிறது என்று நான் வைத்துக்கொண்டேன்.

திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அழாதீர்கள். நாங்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை டியூட்டி மாற்றுவோம், மூன்று தடவையும் ஒப்படைப்போம். நேற்று ஒப்படைத்தாயே, இன்றைக்கு ஏன் மறுபடி என்று யாரும் கேட்டதில்லை. 1 மணிக்குக் கை போனால், 1 மணிக்கு ஒரு ஒப்படைப்பு.

ஒன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் நன்றாக ஒப்படைத்துவிட்டுப் போன ராத்திரிகளிலும், காலையில் வந்தபோது காலியாக இருந்த படுக்கைகள் உண்டு. உங்கள் பிள்ளையின் நிலைமை அது இல்லை, தைரியமாக இருங்கள். ஆனால் அவர்மேல் வைத்துவிடுவது என்பது எதுவும் நடக்காது என்று அவரிடம் கையெழுத்து வாங்குவது என்று நினைத்தால், முதல் இடறலிலேயே விழுந்துவிடுவோம். நடந்தாலும் அவர் அந்தப் படுக்கையருகில்தான் இருந்தார் என்று நம்ப எனக்கு வருஷங்கள் ஆயின.


மூன்றாம் பெஞ்சு எழுதியது:

நங்கூரம் பிரதர், கட்டளை என்பதில் எனக்கு மறுப்பில்லை. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய அதே நிருபத்தை இரண்டு அதிகாரம் முன்னால் திருப்பிப் பாருங்கள். தன் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்தபோது, தேவன் இரங்காவிட்டால் தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" உண்டாகியிருக்கும் என்று பவுல் எழுதுகிறார். "என் துக்கம் குறையவும்" அவனைச் சீக்கிரம் அனுப்பினேன் என்கிறார் (2:27, 28). 2 கொரிந்தியர் 11:28இல் சபைகளைக்குறித்த "கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்று சொல்லியே விடுகிறார். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம்.

பிலிப்பியர் 4:7இல் தேவசமாதானம் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது காவல் வீரர்கள் நின்று காக்கிற சொல். பிலிப்பி ரோமப் போர்வீரர்கள் குடியேற்றப்பட்ட ஊர். எழுதியவரோ விலங்குபோட்டுக் காவலில் இருந்தவர். காவல் என்றால் என்ன என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பயம் வெளியே சுற்றிக்கொண்டிருந்தாலும் வாசலில் ஆள் நிற்கிறது என்பதுதான் அதில் எனக்குக் கிடைக்கிற ஆறுதல்.

சகோதரி, இன்னொன்று. எனக்கும் இப்படி ஆறு மாதம் தூக்கம் போய், நெஞ்சு படபடப்பு வந்து, கடைசியில் மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரையும் சாப்பிட்டேன், ஆலோசனைக்கும் போனேன். சபையில் சொல்ல வெட்கப்பட்டேன். அப்புறம்தான் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜனைப் பற்றி வாசித்தேன். 1856இல் அவர் பிரசங்கித்த அரங்கில் யாரோ நெருப்பு என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு அவருக்கு அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது. அதைப் பிரசங்க பீடத்திலேயே வெளிப்படையாகச் சொன்னவர். பவுலும் லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்கிறார். பழைய நர்ஸ் அம்மா சொன்னதைச் செய்யுங்கள். இன்னும் சில வாரம் தூக்கம் இப்படியே இருந்தால் உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் பார்த்த அந்த ஒரு நிமிடம் சாதாரணமானது இல்லை.


ஓலைக்கூடை எழுதியது:

சங்கீதம் 56:3 "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு என்று இல்லை. எனக்கு இந்த ஒரு வரி போதுமாக இருந்தது. சூரைச்செடியின் கீழே சாகணும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் செய்ததையும் பாருங்கள். திட்டவில்லை. சாப்பிட வைத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிட வைத்தான். அக்கா, பகலில் பிள்ளை தூங்கும்போது நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.


நங்கூரம் எழுதியது:

மூன்றாம் பெஞ்சு பிரதர், 2:27ஐ நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. சகோதரி, தெர்மாமீட்டரைப் பற்றி நான் சொன்னது தவறு, மன்னியுங்கள். பிள்ளைக்காக ஜெபிக்கிறேன்.


சிறுகுருவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

நோட்டு வாங்கினேன். முதல் நாள் எழுத உட்கார்ந்தால் 14 வரி வந்தது. பிள்ளையைப் பற்றி நாலுதான். மீதி பத்தும் எனக்கே தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. ஒன்பதாவது வரி: "அவன் வலிப்பில் இருந்தபோது நான் ஆண்டவரைக் கூப்பிடவே இல்லை, வெறுமனே கத்தினேன்." அதை வாசிக்க ஆரம்பித்துவிட்டு முடிக்க முடியவில்லை. கணவர்தான் எழுந்து வந்து, என் கையிலிருந்து வாங்கி, எனக்காக அந்த வரியை ஆண்டவரிடம் வாசித்தார். பக்கத்தில் கோடு போட்டதும் அவர்தான்.

அன்று ராத்திரி மூன்று தடவை எழுந்தேன். நேற்று ஒரு தடவை. நெற்றியைத் தொட்டேன், தெர்மாமீட்டரைத் தேடவில்லை. மருத்துவரிடமும் நேரம் வாங்கியிருக்கிறேன், எனக்காக.

நர்ஸ் அம்மா, ஒரு கேள்வி. இன்றைக்கு அவனுக்கு 99.8 இருக்கிறது. காய்ச்சல் இருக்கிற ராத்திரியில் எப்படி ஒப்படைப்பது?


பழைய நர்ஸ் எழுதியது:

காய்ச்சல் உள்ள ராத்திரியில் உங்களுக்கும் டியூட்டி உண்டு, மகளே. கணவரோடு பேசி நேரம் பிரித்துக்கொள்ளுங்கள், 2 மணி வரை ஒருவர், அப்புறம் மற்றவர். காய்ச்சல் மருந்து கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அந்த மருந்து அவனுக்கு உடம்பு வலி குறைந்து தூங்க உதவும். வலிப்பையே தடுத்துவிடும் என்று அதன்மேல் பாரத்தைப் போடாதீர்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். உங்கள் முறை முடிந்ததும் கணவரை எழுப்பி, இரண்டு பேரும் அவன் பக்கத்தில் நின்று ஆண்டவரிடமும் சொல்லிவிட்டு, நீங்கள் போய்ப் படுங்கள். நான் இன்றைக்கு 2 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் நானும் உங்களோடு ஜெபிப்பேன். காலையில் எத்தனை டிகிரி என்று மட்டும் எழுதுங்கள்.